யாழ் ஒருவருக்காகவும் நிற்காது

அக்கா,

இன்று காலை மோர்னிங்சைட்டில் ஒரு அன்ரிக்குக் கார் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தேன். கணவருக்குக் கண்பார்வை குறைந்துவிட்டதால் அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாக ஸ்ரியரிங்கைப் பிடித்திருக்கிறவர். சிவப்பு விளக்கில் நின்றபோது மூக்குக்கண்ணாடியை வைக்க இடம் தேடி, எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற பெட்டியை என்னைக் கேளாமலே திறந்தார். கைவிட்டு எடுத்தது உங்கள் சாவியை. மரக் கைப்பிடியும் சின்ன இரும்பு வாயும் உள்ள அந்தச் சாவி. கார் சூட்டில் அதிலிருந்து நீங்கள் கைக்குப் பூசுகிற லவண்டர் களிம்பின் மணம் எழும்பியது. நான் அதைப் பெட்டியில் போட்டு வைத்ததே அந்த மணத்துக்காகத்தான்.

"உது எந்தப் பூட்டின்ர சாவி, தம்பி?"

"பூட்டுச் சாவி இல்லை அன்ரி. யாழுக்குச் சுருதி கூட்டுற சாவி."

"யாழோ? கடைப் போர்டுகளில கீறியிருக்கிற யாழோ?"

"ஓம். அதுக்கு ஒண்டுவிட்ட சொந்தம் மாதிரி ஒண்டு."

"நல்லாக் கதை விடுறீர்," என்று சிரித்துக்கொண்டே சாவியைத் திரும்ப வைத்தார்.

சிரித்த சிரிப்பில் அடுத்த சந்தியில் நிற்கச் சொல்லும் பலகையை அவர் காணவே இல்லை. என் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை அமத்தினேன். கார் மெல்ல நின்றது. "பாத்தீரோ, சரியா நிப்பாட்டிப்போட்டன்," என்றார். "ஓம் அன்ரி, வடிவா நிப்பாட்டினீங்கள்," என்றேன். சொல்லி முடித்ததும் உங்களைத்தான் நினைத்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் இந்தக் குளிர்காலம்வரை தெரியாமல் இருந்தது.

ரொறொன்ரோ வேல்ஸ் ஆட்களின் மார்ச் பாட்டுக் கூட்டம் முடிந்து ஒரு கிழமை ஆகிறது. அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்க எனக்கு ஏலவில்லை. வழமையாக என்றால் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வருகிற வழியிலேயே, யாழைப் பின்னால் படுக்கவைத்துக்கொண்டு, யார் நன்றாகப் பாடினார், யார் கழுத்தை அறுத்தார் என்று இரண்டு பேருமாகப் பிரித்து மேய்ந்திருப்போம். இம்முறை தனியாக வந்தேன். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் என் காரில் முதன்முதல் ஏறிய நாள் நினைவிருக்கிறதா? கையில் கைப்பையோடு வந்து, பேசாமல் வலப்பக்கக் கதவைத் திறந்து என் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். பிறந்த தீவிலும் இடப்பக்க ஓட்டம், தாதியாக வேலைசெய்த வேல்ஸ் மலையூரிலும் இடப்பக்க ஓட்டம். கணவர் போன பிறகு மில்லிக்கனில் இருக்கிற மகள் ஆரணியிடம் வந்து சேர்ந்தபோது உங்களிடம் லைசென்சும் இருந்தது, பல வருட ஓட்டமும் இருந்தது. "எல்லாம் தெரியும் தம்பி, பக்கம்தான் பிழைக்குது," என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த அரை மணித்தியாலத்தில் சிரிப்புப் போய்விட்டது. ஸ்ரீல்ஸ் வீதியில் இடப்பக்கம் திருப்பி, எதிரே வருகிற வண்டிகளின் பாதையில் மகாராணி மாதிரி இறங்கினீர்கள். நான் பிரேக்கை அமத்தினேன்.

"நீர் அமத்தினீர்," என்றீர்கள்.

"இல்லை அக்கா, நீங்கள்தான்..."

"பொய் சொல்லாதையும். என்ர கால் எங்க இருந்தது எண்டு எனக்குத் தெரியும். இனிமேல் அமத்திறதெண்டால் சொல்லிப்போட்டு அமத்தும். நான் ஓடினனோ நீர் ஓடினீரோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

பழக வருகிறவர்களிடம் நான் பிரேக் அமத்தியதைச் சொல்வதில்லை. தாங்களே நிறுத்தினோம் என்று நினைத்தால்தான் அடுத்த சந்தியில் உண்மையிலேயே நிறுத்துவார்கள். அது என் தொழில் வழக்கம். உங்களுக்கு மட்டும் அந்த வழக்கத்தை மாற்றினேன். இதை நன்றாக நினைவில் வைத்திருங்கள், பிறகு இதை வைத்துத்தான் உங்களோடு சண்டைபிடிக்கப் போகிறேன்.

அடுத்தது நானூற்றியொன்று நெடுஞ்சாலை. ஏறுகிற பாதையின் முடிவில் போய் அப்படியே நின்றுவிட்டீர்கள். பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். நீங்கள் அசையவில்லை. ஆராவது மரியாதை தெரிஞ்ச ஆள் நிப்பாட்டி விடுவார் என்றீர்கள். "ஒருத்தரும் நிப்பாட்டமாட்டினம் அக்கா. றோட்டு உங்களுக்காக நிக்காது. வேகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, இடைவெளி பாத்து, உள்ளுக்குப் பூருங்கோ," என்றேன். நாலைந்து நாள் அந்தப் பாதையிலேயே ஏறி இறங்கினோம். ஒரு நாள், நான் வாயே திறக்காமல் இருந்தபோது, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி உள்ளே போனீர்கள். அப்போதும் என்னை நம்பாமல், "அமத்தினீரோ?" என்று கேட்டீர்கள். நான் இரண்டு காலையும் தூக்கிக் காட்டினேன்.

ஆட்கள் பயந்து ஓட்டும்போது நான் மெல்ல முணுமுணுப்பேன். சின்ன வயதில் கோயிலில் பண்ணோடு பாடப் பழகியது அடித்தொண்டையில் அப்படியே தங்கிவிட்டது. மற்றவர்கள் அதைக் கவனிப்பதில்லை. நீங்கள் ஒரு நாள் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடியே, "உமக்குச் சுருதி நிக்குது. உதை வீட்டை வந்து பாடும், என்னட்ட ஒரு சாமான் இருக்கு," என்றீர்கள். நான் சுருதிப்பெட்டி என்று நினைத்தேன். கூடிப்போனால் ஒரு வீணை.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் நான். கடைப் போர்டு, கல்யாணக் காட், பழைய மாணவர் சங்கத்துத் தொப்பி என்று எங்கு பார்த்தாலும் யாழ்ப் படம் இருக்கிறது. அதில் ஒன்றைக் கையால் தொட்டுப் பார்த்தது மில்லிக்கனில், ஆரணியின் வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிக்கும் செருப்பு வைக்கிற தட்டுக்கும் நடுவில். ஆங்கிலத்தில் ஹார்ப் என்கிற வேல்ஸ் யாழ், என் உயரத்துக்கு நின்றது. நான் பார்த்ததும் முதலில் கேட்டது, "உதை ஏத்த என்ன வண்டி வைச்சிருக்கிறியள்?" என்றுதான். தொழில்புத்தி.

மூன்று வரிசை நரம்பு. வெளி இரண்டு வரிசையிலும் அதே சுரங்கள், நடு வரிசையில் இடைச்சுரங்கள், விரலை உள்ளே விட்டுத்தான் தொடவேண்டும். உலகம் முழுக்க மற்ற யாழ்க்காரர் வலத்தோளில் சாய்க்கிறதை இந்த வேல்ஸ் யாழ்க்காரர் இடத்தோளில் சாய்ப்பார்கள் என்றீர்கள். "உங்களுக்கு எல்லாம் இடப்பக்கம்தானோ?" என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. இடத்தோளில் அதைச் சாய்த்துக்கொண்டு, ஒரே சுரத்தை இரண்டு கையாலும் மாறி மாறித் தொட்டீர்கள். கூரையில் மழை தொடங்குகிற மாதிரி இருந்தது. நான் சோபாவில் இருந்துவிட்டேன்.

பிறகு தேத்தண்ணியோடும், தோசைக்கல்லில் அடைபோல் சுட்டு முந்திரிகை வத்தல் பதித்த வேல்ஸ் பணியாரத்தோடும் கதை வந்தது. அந்த மலையூரில் ஆரணி பிறந்து சில கிழமைகளில், புருசன் இரவு வேலைக்குப் போக, பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் அழுதுகொண்டிருந்த ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டிலிருந்து யாழ் கேட்டது. "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினன். அவை ஏன் வந்தனியள் எண்டு கேக்கேல்லை. கதிரையை இழுத்துப் போட்டினம்," என்றீர்கள். அவர்களின் குசினியில் வெள்ளிக்கிழமைகளில் சனம் கூடும். நடுவில் யாழ், சுற்றிவர ஆட்கள். யாழ்க்காரர் ஒரு மெட்டைத் தொடங்குவார். இருக்கிறவர்கள் முறை வைத்து, அந்த மெட்டுக்குள் அடங்கக்கூடிய நாலு வரிப் பாட்டு ஒன்றை எடுத்துவிட வேண்டும். ஒருவர் பாடியதை மற்றவர் பாடக்கூடாது. பாட்டு அடங்காதவர் தோற்று இருந்துவிட வேண்டும். இந்த மூன்று வரிசை யாழை அந்த நாட்டில் கைவிடாமல் காத்தவர்களில் ஊர் ஊராகத் திரிந்த நாடோடிக் குடும்பங்களும் உண்டு, ஏடு பார்க்காமல் காதால் கேட்டே கைமாற்றியவர்கள், அதனால் நீங்களும் காதாலேயே பழகினீர்கள் என்றும் சொன்னீர்கள்.

"சரி, பாடும்," என்றீர்கள்.

அங்கேதான் நான் எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழையை விட்டேன். தொண்டையைச் செருமி, கண்ணை மூடி, நிதானமாகத் தொடங்கினேன். நான் பாட நீங்கள் பின்னால் வருவீர்கள் என்று இருந்தேன். நான் இழுத்தால் நீங்களும் இழுப்பீர்கள், நான் நின்றால் நீங்களும் நிற்பீர்கள். பாட்டுக்காரருக்குத்தானே வாத்தியக்காரர். யாழ் என்னைக் கவனிக்கவே இல்லை. அது தன் பாட்டில் ஒரு மெட்டைச் சுற்றிக்கொண்டு போனது. நான் ஓர் இடத்தில் நின்று, கண்ணைத் திறந்து, உங்களைப் பார்த்தேன்.

"அக்கா, நீங்கள் எனக்குப் பின்னால வரேல்லையே."

"ஏன் வரவேணும்? பக்கவாத்தியம் எண்டு நினைச்சீரோ? இஞ்ச பக்கத்தில வாற ஆள் நீர்தான்."

பிறகு விளக்கினீர்கள். யாழ் முதலில் தொடங்கும். பாடுகிறவர் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கொஞ்சம் போன பிறகு, தன்னுடைய வேறொரு இசையோடு உள்ளே வரவேண்டும். யாழ் வாசிப்பதையே திருப்பிப் பாடக்கூடாது. இரண்டும் வேறு வேறு வழியால் போய், கடைசிச் சுரத்தில் ஒன்றாக வந்து நிற்க வேண்டும். யாழ் முந்தினாலும் பிழை, குரல் பிந்தினாலும் பிழை. சொல்லிவிட்டு, இந்த நாளுக்காகவே காத்திருந்தவர் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தீர்கள்.

"யாழ் ஒருத்தருக்காகவும் நிக்காது தம்பி. வேகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, இடைவெளி பாத்து, பூரும்."

கோயில் பாட்டுகள் அந்த மெட்டுக்கு மசியவில்லை. பதத்துக்குப் பதம் இழுக்கிற வாய்க்கு அது ஒத்துவரவில்லை. கடைசியில் நானே சொந்தமாக நாலு வரி கட்டினேன். உங்களைக் கிண்டலடிக்கத்தான் கட்டினேன்.

பனிகொட்டும் தெருவழியே பதறாமல் வாறா அக்கா,
இனியென்ன, இடப்பக்கம் எழுதிவைச்ச சொத்தாமோ?
தனிவழிதான் எனக்கென்று தடம்மாறிப் போறாவே,
சனமெல்லாம் விலகுங்கோ, ஹோர்ன் அடிச்சு வாறாவே.

நீங்கள் சிரித்த சிரிப்பில் ஆரணி மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தாள். "உதைத்தான் பாடவேணும்," என்றீர்கள். அப்படித்தான் அந்த வருடம் மார்ச் மாதத்தில், ரெக்ஸ்டேல் பக்கத்து ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில், சட்டையில் மஞ்சள் பூக் குத்திய வேல்ஸ்காரர் நடுவில், நான் தமிழில் பாடினேன். அவர்களுக்கு ஒரு சொல் விளங்கியிருக்காது. யாழும் குரலும் ஒன்றாக வந்து நின்றபோது மண்டபம் முழுக்க மேசையில் தட்டினார்கள். ஒரு கிழவர் வந்து என் கையைப் பிடித்து, நன்றாக முடித்தாய் என்றார். அங்கே அதுதான் பெரிய பாராட்டு. அழகாகப் பாடினாய் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

அதற்குப் பிறகு வருடா வருடம் போனோம். ஒவ்வொரு வருடமும் புது வரி கட்டினேன். பனி, அரசாங்கத்துக்கு வரி கட்டுகிற காலம், உங்கள் முழங்கால், ஆரணி வாங்கிய நாய், எல்லாம் பாட்டில் வந்தன. ஒவ்வொரு வருடமும் நன்றாக முடித்தேன். சாரதி பழக்குகிறவன் என்று வாழ்நாள் முழுக்க இருந்தவனுக்கு, எனக்கென்று ஒன்று கைக்குள் வந்துவிட்டது என்று ஒரு பெருமை இருந்தது அக்கா. மனைவியிடம்கூட அளந்தேன்.

போன வருடம் இலை உதிர்காலத்தில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கையில் ஊசி குத்திய இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள்: "மார்ச்சில நீர் பாடவேணும். மெகன் வாசிப்பா. யாழை அவவிட்டக் குடுக்கச் சொல்லி ஆரணிக்குச் சொல்லிப்போட்டன். கவனம், மெகன் ஒருத்தருக்கும் பொறுக்கமாட்டா." நான், மெகன் கோபக்காரி என்று சொல்கிறீர்கள் என நினைத்து, "நான் சமாளிப்பன் அக்கா," என்றேன். நீங்கள் என்னை வெகுநேரம் பார்த்தீர்கள். ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்றிருந்தேன். தண்ணி கேட்டீர்கள்.

மெகனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரெக்ஸ்டேலில் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறார், வேல்ஸில் யாழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். தை மாதம் அவர் வீட்டுக்கு முதல் ஒத்திகைக்குப் போனேன். உங்கள் யாழ் அங்கே சன்னலோரம் நின்றது. மெகன் அதை இடத்தோளில் சாய்த்து, நம் மெட்டைத் தொடங்கினார். நான் கேட்டேன், இடைவெளி பார்த்தேன், பூந்தேன். எல்லாம் வழமைபோல். கடைசி வரியில் எனக்கு இன்னும் அரைவரி மிச்சம் இருக்க, யாழ் நின்றுவிட்டது. வெறும் அறையில் என் குரல் மட்டும் "வாறாவே" என்று தொங்கியது.

திரும்பப் பாடினோம். திரும்பத் தொங்கியது. மூன்றாம் முறை நான் அவசரப்பட்டு முன்னால் முடித்துவிட்டு, யாழைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வந்தது. மெட்டைக் குறைத்து வாசிக்கிறீர்கள் என்று மெகனிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசியில் இன்னும் ஒரு சுற்று இருக்கிறது, அக்கா அப்படித்தான் வாசிப்பார் என்றேன். அதை நான் வாயால் பாடியும் காட்டினேன்.

மெகன் கையை நரம்பில் வைத்து அடக்கிவிட்டு, என்னைப் பாவமாகப் பார்த்தார். அந்தச் சுற்று மெட்டில் இல்லை என்றார். அது எனக்காக நீங்கள் போட்டது, நான் பிந்துகிற ஒவ்வொரு முறையும் நீங்கள் கடைசி அடியை நீட்டிக் காத்துக்கொண்டு நின்றீர்கள், யாழ் பழகிய எல்லாருக்கும் அது தெரியும் என்றார்.

எல்லாருக்கும், அக்கா. கையைப் பிடித்துப் பாராட்டிய அந்தக் கிழவருக்கும்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். காரில் இருந்து உங்களோடு வாய்விட்டுச் சண்டைபிடித்தேன். சொல்லிப்போட்டு அமத்தும் என்று என்னிடம் சத்தியம் வாங்கின மனுசி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வருடக்கணக்காய் அமத்திக்கொண்டு இருந்திருக்கிறாவே என்று. நான் முடித்தேனா, நீங்கள் முடித்தீர்களா என்று எனக்குத் தெரியவேண்டாமா? வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, எனக்கென்று இருந்த ஒன்றை ஆரோ கையிலிருந்து பறித்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. மார்ச்சில் பாடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து மெகன் வந்தார். யாழின் வண்டிச் சில்லு ஒன்று கழன்றுவிட்டது, என்னிடம் திருத்தச் சாமான் இருக்கிறது என்று ஆரணி சொன்னாளாம். சில்லு ஒரு சாட்டு என்று எனக்கு விளங்கியது. கராஜில் அதைத் திருத்திக்கொண்டிருக்கும்போது மெகன் சொன்னார்: ஏன் அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லாமல் வைத்திருக்கிறாய் என்று தான் ஒருமுறை உங்களைக் கேட்டாராம். நீங்கள் சொன்ன பதிலை அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு அது உங்கள் வாயால்தான் கேட்டது.

"நாள் முழுக்கப் பயந்த சனத்துக்குப் பக்கத்தில இருந்து பிரேக்கில காலை வைச்சிருக்கிற மனுசன். வருசத்தில ஒரு பாட்டுக்காவது காலைத் தூக்கி வைச்சிருக்கட்டும்."

சில்லைப் பூட்டிக்கொண்டிருந்த எனக்குக் கண் மறைத்தது. குறட்டைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி நின்று அழுதேன். மெகன் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனுசி.

"இனிமேல் எனக்காகக் காத்திருக்கவேண்டாம்," என்றேன் கடைசியில்.

நான் காத்திருப்பதாகச் சொல்லவே இல்லையே என்றார்.

பிறகு பழகினேன் பாருங்கோ, லைசென்ஸ் எடுக்க வருகிறவர்கள் பழகுகிற மாதிரி. மெகன் வாசித்ததைக் கைபேசியில் பதிந்து, இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் காரை ஓரங்கட்டிப் பாடினேன். என் பிழை எங்கே என்று அப்போதுதான் விளங்கியது. மூன்றாம் வரியில் எனக்கு ஒரு சொல் பிடித்துவிட்டால் அதில் நின்று இழுப்பேன். கோயில் பழக்கம். யாராவது காத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஏறுபாதை முடிவில் நிற்கிற உங்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சொல்லை இழுக்காமல் விட மனம் வரவே இல்லை. ஆனால் விட்டேன். மனைவி, "உந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு எனக்கே யாழ் வாசிக்க வந்திடும்," என்றாள்.

கூட்ட நாள் பனி கொட்டியது. மண்டபத்தில் உங்கள் கதிரையில் யாரும் இருக்கவில்லை. யாழை மட்டும் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஆரணி முன்வரிசையில் இருந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு காலையும் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். அந்தக் கதையையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

மெகன் தொடங்கினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அத்தனை பேருக்கும் தெரியும் என்பது எனக்கும் தெரியும் என்பதால், முதன்முறையாக அந்த மண்டபத்தில் எனக்குப் பயம் வந்தது. இடைவெளி வந்தது. பூந்தேன். உங்களுக்காகக் கட்டிய வரிகள்.

தனிவழிதான் போனாலும் தடம்விட்டுப் போனாவே,
சனமெல்லாம் கேளுங்கோ, சரியாத்தான் போனாவே.

"தடம்" என்ற சொல்லில் நின்று இழுக்க வாய் துடித்தது. இழுக்கவில்லை. யாழ் தன் வழியால் வந்தது, நான் என் வழியால் வந்தேன், கடைசிச் சுரத்தில் இரண்டு பேரும் ஒரே நேரம் வந்து நின்றோம். ஒருவரும் காத்திருக்கவில்லை. மேசைகளில் தட்டினார்கள். அந்தக் கிழவர் எழும்பியே நின்றார். சரியாக முடித்துவிட்டேன் அக்கா. உண்மையிலேயே நான்தான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். தட்டி ஓய்ந்து கதிரையில் இருந்த பிறகு எனக்கு அந்த முடிவு மொட்டையாக இருந்தது. வழமையாக நீங்கள் நின்று என்னைப் பார்க்கிற அந்தக் கொஞ்ச இடம் இல்லாமல் போய்விட்டது. நன்றாக முடித்ததே நெஞ்சுக்குள் வலித்தது. நீங்கள் போன பிறகு அந்த அளவுக்கு உங்களைத் தேடியது அன்றைக்குத்தான்.

கடைசியாக, வழமைபோல், மெகனிடமும் உங்களிடமும் சனிக்கிழமைகளில் வந்து பழகிய பிள்ளைகள் சின்ன யாழ்களோடு வரிசையாக இருந்தார்கள். கொரியப் பிள்ளை ஒன்று, ஜமெய்க்காக் குடும்பத்து அண்ணன் தங்கை, வேல்ஸ்காரரின் பேரர்கள் சிலர். எல்லாரும் சேர்ந்து நம் மெட்டையே எடுத்தார்கள். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மெட்டு முடிகிற இடம் வந்தது. முடியவில்லை. எல்லா யாழும் ஒன்றாகக் கடைசி அடியை நீட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, இன்னும் கொஞ்சம் நின்று, பிறகுதான் வந்து இறங்கின.

நான் நிமிர்ந்து மெகனைப் பார்த்தேன். அவர் முகம் சிவந்திருந்தது. பக்கத்தில் வந்து காதுக்குள் சொன்னார்: தான் எவ்வளவோ திருத்திப் பார்த்தாராம். பிள்ளைகள் உங்களிடம் காதால் கேட்டுப் பழகியவர்கள். மெட்டு அதுதான், வேறு மாதிரி வாசித்தால் குறைப்பட்டுப் போகும் என்கிறார்களாம். ஒரு பெட்டைப்பிள்ளை, "இங்கே இது இப்படித்தான் மிஸ்," என்று அவருக்கே விளங்கப்படுத்தினாளாம். போன கோடையில் இங்கிருந்து வேறு நகரத்துக்கு மாறிப்போன ஒரு பிள்ளை அங்கேயும் அதைப் பழக்கிவிட்டதாம்.

ஆரணி என் பக்கம் குனிந்து, "அங்கிள், அது உங்கட இடமெல்லோ?" என்றாள்.

என் இடம்தான். அதுவும் எந்த வருடத்துடையது என்றுகூட எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சுற்று, அதற்கு மேல் கொஞ்சம். ஆரணியின் நாயைப் பாடிய வருடம். நான் ஆகக் கூடப் பிந்திய வருடம். எத்தனையோ நல்ல முடிவு வாசித்தீர்கள், பிள்ளைகள் பார்த்துப் பொறுக்கியது அதைத்தான். நான் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல், ஆட்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். ஆரணியும் சிரித்தாள். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும், ஏன் அந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியாது. நிற்கிறார்கள். நான் இல்லாத காலத்திலும் ரொறொன்ரோவில் அந்த மெட்டு அந்த இடத்தில் நின்றுதான் போகும் போலிருக்கிறது.

யாழ் மெகனிடமே இருக்கிறது. அவரிடம் சொந்தச் சாவி இருப்பதால், உங்கள் சாவியை நானே வைத்திருக்கட்டாம் என்று ஆரணி சொல்லிவிட்டாள். அது காரில், நடுப்பெட்டியிலேயே இருக்கும்.

நாளைக்கு அந்த அன்ரியை முதன்முதலாக நானூற்றியொன்றுக்குக் கூட்டிப்போகிறேன். ஏறுபாதை முடிவில் நிற்பார், எனக்குத் தெரியும். றோட்டு உங்களுக்காக நிக்காது அன்ரி என்று வழமைபோலச் சொல்வேன். காலைப் பிரேக்கில் வைத்திருப்பேன். அமத்தினால் அவருக்குச் சொல்லமாட்டேன். அவர் பூந்து போகும்வரை நம் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன், நீங்கள் நின்ற அந்தக் கடைசிச் சுற்றோடு சேர்த்து.